நான்கு விரல் இடைவெளி

மாமா டயரை உருட்டிக்கொண்டே கடைக்குள் வந்தார். வாசலில் காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்கள் அவசரமாகக் கால்களை மடக்கிக்கொண்டார்கள். டயர் என் மெஷின் மேஜையில் இடித்து, தள்ளாடிச் சுற்றி, என் காலடியில் விழுந்தது.

"எடுத்துப் பாரு. உன் கைவேலை."

இந்த மாமா என் அக்காவின் கணவர். எங்கள் வீட்டு மாடியில்தான் இருவரும் குடியிருக்கிறார்கள். நான் இந்த டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பார்க்கிறேன். பகலில் வேலை, மாலையில் ஆட்டோமொபைல் வகுப்பு. காரை ரேம்ப்பில் ஏற்றிச் சக்கரங்களில் தகடுகளை மாட்டினால், எந்தச் சக்கரம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று திரையில் எண்கள் வரும். சரியாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு பச்சையாகும்வரை வண்டிக்கு அடியில் நின்று ஸ்பேனரால் திருகுவது என் வேலை.

டயரை நிமிர்த்தினேன். வெளிப்பக்கம் பட்டன் பட்டனாகப் புதிது போலவே இருந்தது. உள்விளிம்பு மட்டும் மொட்டையாகி, ரப்பருக்குள்ளிருந்து கம்பி பல்லிளித்தது. உள்ளங்கையால் குறுக்கே தடவிப் பார்த்தேன். ஒரு பக்கமாக வழவழவென்று போயிற்று. திருப்பித் தடவியபோது ரம்பத்தில் கை வைத்தது போலிருந்தது. சக்கரம் உள்ளே சாய்ந்து ஓடினால் உள்விளிம்பு தேயும். ஆனால் இந்த ரம்பம் சாய்வினால் மட்டும் வருவதில்லை. முன்சக்கரங்கள் ரோட்டை நேராகப் பார்க்காமல், கோபித்துக்கொண்ட இரண்டு பேர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு ஓடினால்தான் வரும். இந்தப் பார்வைக்குத் தொழிலில் டோ என்று பெயர். சக்கரங்களை நேராகப் பார்க்க வைத்தவள் நான்.

"இன்னொன்னும் இதே கதிதான். புது டயர் இது. உள்பக்கம் கண்ணுக்கே தெரியாது. காத்து இறங்கி, கழட்டிப் பாக்கலைன்னா ரோட்டுல வெடிச்சிருக்கும், நாங்க ரெண்டு பேரும் போட்டோவுல தொங்கியிருப்போம்."

"மாமா, மெதுவா பேசுங்க. ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். தெரிஞ்சுக்கட்டும். மச்சினின்னு நம்பி வண்டியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், அழைக்காமலேயே, நெட்டையும் வந்தார். நெட்டை இங்கே மூத்த மெக்கானிக். பழைய மெஷின் இருந்தவரை அலைன்மென்ட் அவர் கையில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் மெஷின் வந்தபோது அதைத் தொடமாட்டேன் என்று அவராகவே சொன்னார். என்னைத் தொட விட்டதை மட்டும் இன்றுவரை மன்னிக்கவில்லை.

நெட்டை டயரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "டோ கழண்டு போயிருக்கு," என்றார் முதலாளியிடம். "நல்லா கழண்டிருக்கு. படிச்ச பிள்ளை வச்ச அளவு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியாத ஒன்றை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. தலையைக் குனிந்து டயரைப் பார்த்தேன். அது ஒப்புக்கொண்டது போலவே இருந்திருக்கும்.

"நாளைக்கு வண்டியைக் கொண்டு வாங்க," என்றார் முதலாளி மாமாவிடம். "உங்க முன்னாடியே மாட்டிப் பாக்கலாம். இவ வச்சது தப்புன்னா புது டயர் ரெண்டும் கடை போட்டுக் கொடுக்கும்." என் பக்கம் திரும்பினார். "நீ பழையபடி பஞ்சர் பக்கம் போயிடு. மெஷினை இவர் பாத்துக்குவார்."

"எனக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் வேணாங்க," என்றார் நெட்டை. அவர் கை அதற்குள் மேஜையின் மேல் வந்துவிட்டது.

மாமாவின் கார் சாதாரணமான சின்னக் கார்தான். அதை அவர் சாதாரணமாக இருக்க விடவில்லை. அகலமான ரிம், அகலமான டயர், முன் பம்பருக்குக் கீழே உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பட்டை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, மரை போட்ட புது செட் மாட்டியிருந்தார். அந்த மரையில் ஒரு வளையம் இருக்கும். வளையத்தைக் கீழே திருகினால் வண்டி கீழே உட்காரும், மேலே திருகினால் எழும்பும். மாமா கீழேதான் திருகினார். எங்கள் தெருவில் அந்தக் காருக்குக் கரப்பான் என்று பெயர். தெருமுனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது. அது வந்ததும் மாமா வண்டியை நிறுத்துவார். அக்கா கைப்பையோடு இறங்கி நடந்து மறுபக்கம் போய் நிற்பாள். எடை குறைந்த வண்டி குறுக்காக ஊர்ந்து தாண்டும். அக்கா மறுபடி ஏறுவாள். இது தினமும் நடப்பதால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனபோது விஷயம் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு," என்றாள் அம்மா. துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையை மடித்த வேகத்தில் பொத்தான் தெறித்துவிடும் போலிருந்தது.

"தப்பு யாருதுன்னு இன்னும் தெரியலம்மா."

"அதான் டயர்ல எழுதியிருக்காமே. அவர் ஒண்ணும் தெரியாதவர் இல்ல. வண்டியைக் கழட்டிக் கழட்டி மாட்டறவர்."

"அதுதான் பிரச்சினையே."

"இந்த வாய்தான். இந்த வாய் இருக்கே."

அக்கா மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கி வரவில்லை. "நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிடுவ, வகுப்புக்குப் போயிடுவ," என்றாள். "அவர் மூஞ்சியை நாள் பூரா நான்தான பாக்கணும்? கேட்டுத் தொலையேன். உனக்கு என்ன குறைஞ்சிடப் போவுது?"

"மெஷின் போயிடும்க்கா."

"மெஷின் போனா போவட்டும். பஞ்சர் ஒட்டறது வேலை இல்லையா?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கம்ப்ரெசர் ஓரத்தில் குந்தியபடியே எத்தனை நாள் அந்தத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதுதான் அந்தப் பதில். அதைச் சொல்வதற்குள் அவள் மாடிக்கு ஏறிவிட்டாள். அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

கட்டிலில் உட்கார்ந்து, போன தடவை அலைன்மென்ட் பார்த்தபோது மாமாவின் வண்டிக்குச் செய்ததை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நான்கு டயரிலும் காற்றைச் சமமாக வைத்தேன். தகடுகளை மாட்டினேன். வண்டியை முன்னும் பின்னும் உருட்டினேன். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டினேன். சாய்வு பச்சைக்குள் இருந்தது. டோ சிவப்பில் இருந்தது, அதைப் பச்சைக்குக் கொண்டுவந்தேன். வைத்த அளவு நகராமல் பிடிக்கும் பூட்டு நட்டை இறுக்கினேன். இறுக்கினேனா? இடது பக்கத்தை இறுக்கியது நினைவிருந்தது. வலது பக்கத்தை இறுக்கியதும் நினைவிருப்பது போலத்தான் இருந்தது. ஆனால் நான் தினமும் இறுக்குகிறேன். அது எந்த வண்டியின் நினைவு என்று எப்படிச் சொல்வது? பூட்டாத நட்டு ஓட ஓடக் கழன்றுவிடும், டயர் இப்படித்தான் தேயும். நெட்டை சொன்னது சரியாக இருக்கலாம்.

காலையில் நான் கிளம்பும்போது கார் உறை போட்டு முற்றத்தில் நின்றது. மாமா மாடியில் பல் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். துப்பினார்.

முற்பகலில் வந்தார். தேய்ந்த டயர்களுக்குப் பதிலாக எங்கிருந்தோ பழைய டயர் இரண்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பக்கத்தில் அக்கா. அவளை அலுவலகத்தில் விட வேண்டிய வழிதான் இது. அக்கா இறங்கி, என்னைப் பார்க்காமல், வாசல் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

மாமா வண்டியை ரேம்ப்பில் ஏற்றினார். திரையை நெட்டை தொடமாட்டார் என்பதால், முதலாளி சொல்லி, நான்தான் தகடுகளை மாட்டினேன். நெட்டை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் பூட்டு நட்டுகளைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டுமே அசையவில்லை. வெளியே வந்து திரையை நிமிர்ந்து பார்த்தேன்.

எல்லாக் கட்டமும் பச்சை.

"சரியாத்தான் இருக்கு சார்," என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

முதலாளி திரையருகே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா. அப்புறம் எப்படி டயர் போச்சு?"

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை வீட்டிலிருந்தே தயார் செய்து கொண்டுவந்திருக்கவேண்டும் என்று தோன்றியது. "அதான் சார் நானும் கேக்கறேன். நேத்து வரைக்கும் டயரைத் தின்ன வண்டி, இன்னைக்குக் காலைல எப்படி யோக்கியமாச்சு? வண்டி ராத்திரி பூரா எங்க நிக்குது? இவங்க வீட்டு முற்றத்துல. ஸ்பேனர் யார் பையில இருக்கு?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அதற்குள் நெட்டைக்குப் புரிந்துவிட்டது. "அட," என்றார் மெதுவாக. "வீட்டு முற்றத்துலயே வண்டி. வசதிதான்."

"ஸ்பேனரை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவியா?" என்று கேட்டார் முதலாளி.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "வகுப்புக்குக் கொண்டுபோற பையில இருக்கும் சார்," என்றேன்.

"பாத்தீங்களா," என்றார் மாமா. "திருட்டுத்தனமா வந்து திருகி வச்சிருக்கா. தப்பு பண்ணினதாவது போகட்டும், தெரியாம நடக்கும். மறைக்கறா பாருங்க. இவளை நம்பி எத்தனை பேர் குடும்பத்தோட ஓட்டறான்?"

பச்சையாக இருந்தால் நான் திருடி, சிவப்பாக இருந்தால் நான் முட்டாள். எந்தக் கதவைத் திறந்தாலும் மாமா நின்றுகொண்டிருந்தார். நாற்காலியில் அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் தொடல சார்."

"பின்ன பேய் வந்து தொட்டுச்சா?" என்றார் நெட்டை.

முதலாளி என் மேஜையிலிருந்த மெஷின் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அழுதுவிடக் கூடாது என்பதற்காகக் காரையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்சக்கரத்தைப் பார்த்தேன். கறுப்புப் பட்டையைப் பார்த்தேன். எங்கள் ரேம்ப்பின் வாயில் இரும்பு விளிம்பு ஒன்று உண்டு. தாழ்ந்த வண்டிகள் எல்லாம் அதில் தாடையை உரசிக்கொண்டுதான் ஏறும். மாமா ஏற்றியபோது எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

சக்கரத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் தகர வளைவுக்கும் நடுவில் கையை விட்டேன். நான்கு விரல்களும் தாராளமாகப் போயின. முற்றத்தில் இந்த வண்டியை நான் கழுவியிருக்கிறேன். அங்கே துணியைக்கூட அந்த இடுக்கில் நுழைக்க முடியாது.

"மாமா, வண்டி உயரமா இருக்கு."

"என்னது?"

"முன்பக்கம். வீட்டுல இருக்கறதைவிட உயரமா இருக்கு. இன்னைக்குக் காலைல ஏத்தினீங்களா?"

"பேச்சை மாத்தாத."

"அக்கா," என்றேன். அவள் தலைநிமிரவில்லை. "வரும்போது தெருமுனை வேகத்தடைல உன்னை இறங்கச் சொன்னாரா?"

கடையில் கம்ப்ரெசர் நின்றிருந்தது. யாரோ சக்கர நட்டு ஒன்றைத் தகரத் தட்டில் போடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவளை எதுக்கு இழுக்கற?" என்றார் மாமா. அக்காவிடம் திரும்பினார். "நீ ஆபீஸ்க்குக் கிளம்பு. நடந்து போ, நான் வர நேரமாகும்."

அக்கா எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இல்ல," என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. "இன்னைக்கு இறங்கச் சொல்லல. நானே கதவைத் திறக்கப் போனேன். உக்காருன்னாரு."

நெட்டை விளக்கை எடுத்துக்கொண்டு அடியில் போனார். முன்சக்கரத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தார். அவருக்கு என்னைப் பிடிக்காது. ஆனால் பார்த்த இரும்பைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வராது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"வளையத்துக்குக் கீழ மரை புதுசா மின்னுது," என்று அங்கிருந்தே கத்தினார். "அதுக்கும் கீழ பழைய மண்ணு அப்பியிருக்கு. இத்தனை நாளா அங்கதான் உக்காந்திருந்திருக்கு. இப்பதான் யாரோ மேல ஏத்தியிருக்கான்."

"யாரோ என்ன யாரோ?" மாமாவின் முகம் சிவந்தது. "நான்தான் ஏத்தினேன். என் வண்டி, ஏத்துவேன், இறக்குவேன். உங்க ரேம்ப் லட்சணம் அப்படி. போன தடவை வர்றதுக்கு முன்னாடியும் ஏத்திட்டுத்தான் வந்தேன். அந்தப் பட்டை ஒடைஞ்சா எங்க கிடைக்கும்னு தெரியுமா உங்களுக்கு? வீட்டுக்குப் போய் இறக்கிக்குவேன். உயரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மையாகவே கேட்கிறார் என்பது புரிந்தபோது எனக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சார், அந்த மண்ணுக் கோட்டுக்கு இறக்கிப் பாக்கலாமா?" என்றேன்.

முதலாளி தலையாட்டினார். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கினோம். இடது வளையத்தை நெட்டை இறக்கினார், வலதை நான். வண்டியை மறுபடி உட்காரவைத்து, பம்பரைப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டு, உருட்டினோம். கரப்பான் தன் பழைய உருவத்துக்கு வந்தது. சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்வது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. திரையில் முதலில் இடது சாய்வு சிவந்தது, பிறகு வலது. டோ இரண்டும் கடைசியில் சிவந்தன, எண்கள் பச்சைக்கு வெகுதூரத்தில் போய் நின்றன.

"இங்க நிக்கும்போது ஒரு உயரம், ரோட்டுல ஓடும்போது ஒரு உயரம்," என்றார் முதலாளி மாமாவிடம். "நின்னதுக்குத்தான் இவ அளவு வச்சிருக்கா. உயரம் மாறினா சாய்வும் மாறும், டோவும் மாறும். இத்தனை மாட்டத் தெரியுது, இது தெரியாதா?"

"உங்க கடைப் பொண்ணு அன்னைக்கே கேட்டிருக்கணும்ல?"

"அதைக் கேட்டிருக்கணும்தான்," என்றார் நெட்டை, என்னை முறைத்து. "உரசாம ஏறுதேன்னு அன்னைக்கே தோணியிருக்கணும். திரையைப் பாக்கத் தெரிஞ்சா போதுமா? வண்டியையும் பாக்கணும்." அது சரிதான்.

முதலாளி சாவியை மேஜையில் போட்டார். என் பக்கமாகத்தான் போட்டார். "டயர் கடை கொடுக்காது," என்றார் மாமாவிடம். "வண்டியை இறக்குங்க. அடுத்த வண்டி நிக்குது."

மாமா ஏறி உட்கார்ந்து கதவை அறைந்தார். எஞ்சின் உறுமியது. வண்டி பின்னால் ஒரு முழம் வந்தது. விளிம்பருகே போனதும் நின்றது. இந்த உயரத்தில் இறங்கினால் அந்தப் பட்டை விளிம்பில் மாட்டி இரண்டாகிவிடும். எங்கள் எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். வாசலில் அடுத்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

கண்ணாடி கொஞ்சம் இறங்கியது. "உன் தங்கச்சிகிட்ட சொல்லு," என்றார் அக்காவிடம். "ஏத்தி விடச் சொல்லு."

"அவ இங்கதான நிக்கறா. நீங்களே சொல்லுங்க."

ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடி அருகே போனேன். முதல் தடவை நான் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். "எந்த உயரத்துல ஓட்டுவீங்க மாமா? சொன்னாத்தான் அளவு வைக்க முடியும். ஒரு தடவை வச்சா அப்புறம் வளையத்தைத் தொடக் கூடாது."

"உன் வேலையைப் பாரு."

"நான் இறங்காத உயரத்துல வை," என்றாள் அக்கா.

மாமா திரும்பினார். "ஏய்!"

"தினமும் நடுரோட்டுல இறங்கி ஏறறேன். பஸ்ஸுல போறவனெல்லாம் சிரிக்கறான். நான் இறங்காத உயரத்துல வை."

"வீட்டுக்குப் போனதும் இறக்கிடுவேன். பாரு."

"இறக்குங்க. அப்புறம் நீங்க மட்டும் போங்க."

ஹாரன் மறுபடி கேட்டது. முதலாளி, "ஆகட்டும்மா, சீக்கிரம்," என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்காமல் நான் ஜாக்கியைப் பிடித்தேன். நெட்டை முணுமுணுத்துக்கொண்டே மறுபக்கம் பிடித்தார். வளையத்தை ஏற்றி, வண்டியை அமுக்கி, உருட்டி, மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். கட்டங்கள் பச்சையாயின. பூட்டு நட்டுகளைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு சக்கரத்துக்கு மேல் நான்கு விரலை விட்டேன்.

வண்டி விளிம்பைத் தாண்டி இறங்கியது. உரசவில்லை. அக்கா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மாமாவையும் பார்க்கவில்லை.

அதன்பின் அக்கா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஊர் முன்னால் தன்னைப் பேச வைத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னாளாம். மாப்பிள்ளை முகத்தில் கரி பூசிவிட்டாய் என்று அம்மா என்னிடம் சொன்னாள். கடையில், ரேம்ப்பில் ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் முதலில் சக்கரத்துக்கு மேல் கையை விட்டுப் பார்க்கிறேன். "என்னம்மா, உள்ள ஏதாவது தொலைச்சிட்டியா?" என்கிறார் நெட்டை.

இன்று காலை கிளம்பும்போது முற்றத்தில் உறையைக் கொஞ்சம் தூக்கி, அங்கேயும் கையை விட்டேன்.

"கையை எடு." மாடி ஜன்னலில் மாமா நின்றிருந்தார். "இனிமே என் வண்டியைத் தொட்டா நடக்கறதே வேற."

கையை எடுத்தேன். "நாலு விரல் போகுது மாமா," என்றேன்.

ஜன்னல் படாரென்று மூடியது. அக்கா கைப்பையோடு படியிறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போய், முன்கதவைத் திறந்து உட்கார்ந்து அவருக்காகக் காத்திருந்தாள்.